கேள்வி–பதில்: மாமியாருக்காகக் குளியலறையை இடித்துக் கட்டக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே குளியலறைதான், கழிப்பறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. 76 வயதான என் மாமியார் அண்மையில் இரண்டு முறை அங்கே வழுக்கிவிட்டார். நல்லவேளையாகக் காயம் இல்லை. முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக ஓர் ஒப்பந்ததாரர் தந்த மதிப்பீடு எங்கள் ஐந்து மாத வருமானத்துக்குச் சமமாக இருக்கிறது. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையில் நான்கு மாதச் செலவுக்கான அவசரகால நிதியும், 14 மாதங்களில் முதிர்வடையும் ஒரு வைப்புநிதியும் உள்ளன. வங்கியில் 14 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுத் தனிநபர் கடன் தருகிறார்கள். தம் சேமிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மாமியார். கணவரின் தம்பியும் பாதி தருவதாகச் சொல்கிறார். வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: கடன் வேண்டாம், இடிப்பதும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இதைத் தள்ளிப்போடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்ய வேண்டியவற்றில் முக்கியமான பகுதியை இந்த வாரமே தொடங்க வேண்டும், அதற்குத் தேவைப்படும் பணம் உங்கள் மாத வரவு செலவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டை வரிவரியாகப் படித்தேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை கூரை வரையிலான சுவர் டைல்ஸ், பொய்க்கூரை, அலமாரியுடன் கூடிய கைகழுவும் தொட்டி, புதிய கண்ணாடி ஆகியவற்றுக்குப் போகிறது. இவற்றில் ஒன்றுகூட உங்கள் மாமியார் வழுக்குவதைத் தடுக்காது. வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பிகள், குளிக்கும் இடத்தின் திண்டை அகற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்து மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அழகுக்காகச் செலவிடுவதில் தவறில்லை. அதைப் பாதுகாப்புச் செலவு என்ற தலைப்பில் எழுதி, பயத்தோடு சேர்த்துக் கையொப்பம் வாங்குவதுதான் தவறு.

கடனின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 14 சதவீத வட்டியில் 36 தவணைகளாகக் கட்டினால், ஒவ்வொரு 100-க்கும் நீங்கள் திருப்பித் தருவது ஏறத்தாழ 123. அதாவது ஐந்து மாத வருமானத்தின் விலையுள்ள குளியலறைக்கு ஆறு மாத வருமானத்துக்கும் சற்று அதிகமாகக் கொடுப்பீர்கள். மாதத் தவணை உங்கள் வருமானத்தில் சுமார் 17 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் மாமியாருக்கு மருத்துவச் செலவு வந்தாலோ, அவரைக் கவனிக்க உங்களில் ஒருவர் சம்பளமில்லாத விடுப்பு எடுக்க நேர்ந்தாலோ, தவணை காத்திருக்காது. அதே 17 சதவீதத்தை வைப்புநிதி முதிரும் வரையுள்ள 14 மாதங்களுக்குத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், ஏறத்தாழ 2.4 மாத வருமானம் சேர்ந்திருக்கும். அப்போது வைப்புநிதியையும் சேர்த்துக் கொண்டு, கடனில்லாமல் பேரம் பேசும் நிலையில் ஒப்பந்ததாரர் முன் நீங்கள் உட்காரலாம்.

அதற்கிடையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது நியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஆண்டுதோறும் உலகெங்கும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சையோடு செலவு நிற்பதில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சை, உதவியாளர், வீட்டிலுள்ளவர் இழக்கும் வேலை நாட்கள் என்று அது நீளும். பலர் பழைய நடையை முழுமையாகத் திரும்பப் பெறுவதும் இல்லை. ஆகவே இந்தச் செலவை வீட்டின் விற்பனை மதிப்பு எவ்வளவு கூடும் என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். எந்த ஆபத்தை எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்துத் தீர்மானியுங்கள். அப்படிப் பார்க்கும்போது மலிவானவையே வரிசையில் முன்னால் வந்து நிற்கின்றன.

முதல் செலவு குளியலறைக்கு வெளியே இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு முறை வழுக்கியவர் தரையின் ஈரத்தால்தான் வழுக்கினாரா, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றியதாலா, பார்வைக் குறைவாலா, அவர் உட்கொள்ளும் மருந்துகளின் விளைவாலா என்பதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம் மருந்தில் இருந்தால், நீங்கள் எந்த டைல்ஸைப் பதித்தாலும் பயனிருக்காது. ஒருமுறை மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், மதிப்பீட்டிலுள்ள எந்த வரியையும்விடச் சிறியது. அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகாட்டும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, மாமியார் அறைக்குள் நுழைவதிலிருந்து வெளியே வருவது வரை கவனிக்கச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. எங்கே கம்பி வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவர் சொல்வதால் மிச்சமாகும் தொகையே அவருடைய கட்டணத்தை ஈடுகட்டக்கூடும்.

அடுத்தது கைப்பிடிக் கம்பிகள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். துளை போடாமல், ரப்பர் உறிஞ்சுகிண்ணங்களால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கம்பிகள் விலை குறைந்தவை. ஆனால் விழப்போகிற ஒருவரின் முழு எடையை அவற்றை நம்பி ஒப்படைக்கக் கூடாது. துண்டு போடும் கம்பியும் அப்படித்தான்: தடுமாறும்போது கை முதலில் அதைத்தான் பிடிக்கும், அது சுவரோடு பிய்ந்து வரும். பொதுக் கட்டடங்களுக்கான அமெரிக்க அணுகல் தரநிலை, கைப்பிடிக் கம்பி சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3.8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்கிறது. இந்த அளவுகளை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு, துளை போடுவதற்கு முன் மாமியாரையே அங்கே நிறுத்தி, உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் கை இயல்பாக எந்த இடத்துக்குப் போகிறதோ அங்கே குறியிடுங்கள். கழிப்பறை இருக்கையின் அருகில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என இரண்டு போதும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கலாம். உள்ளீடற்ற தடுப்புச் சுவர் என்றால் அதற்குப் பின்னால் மரச்சட்டம் வேண்டியிருக்கும், செலவும் சற்றுக் கூடும். கூலி கொடுத்துத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

ஐந்து பேர் புழங்கும் அறை என்பதால், ஒருவருக்காக வாங்கும் பொருள் மற்ற நால்வருக்கும் இடையூறாகிவிடக் கூடாது. இடையூறாக இருந்தால் யாராவது அதை எடுத்து மூலையில் வைத்துவிடுவார்கள், கொடுத்த பணமும் மூலைக்குப் போய்விடும். மாமியாருக்கு உட்கார்ந்து எழுவது சிரமமாக இருந்தால், மொத்தக் கழிப்பறைக் கோப்பையையும் மாற்றுவதற்கு முன், கழற்றி மாட்டக்கூடிய உயர்த்தி ஒன்றை வாங்கிப் பாருங்கள். முதியவர்களுக்கு 43 முதல் 48 சென்டிமீட்டர் உயரம் பொதுவாக வசதியாக இருக்கும். அதே உயரம் சிறு குழந்தைகளுக்கு வசதியாக இருக்காது. குளிப்பதற்கு, கால்களில் ரப்பர் பிடிமானமுள்ள நாற்காலியும் கையில் பிடித்துக்கொள்ளும் ஷவரும் போதும். இடம் மிகவும் குறுகலாக இருந்தால் மட்டும் சுவரோடு மடித்து வைக்கும் இருக்கையைப் பற்றி யோசியுங்கள். அது கைப்பிடிக் கம்பியைப் போலவே உறுதியான சுவரைக் கேட்கும்.

தரையைப் பொறுத்தவரை, இருக்கும் டைல்ஸை உடைக்காமலேயே வழுக்கலைக் குறைக்கும் பூச்சுகளும் பட்டைகளும் உண்டு. அடியில் பிடிப்பில்லாத கால்மிதிகளை முதலில் வெளியேற்றுங்கள். கடைசியாகக் குளிப்பவர் சோப்பு நுரையைக் கழுவித் தண்ணீரைத் தள்ளிவிட்டு வருவது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால், நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தரக்கூடும். இதற்கு யாரும் மதிப்பீடு தர மாட்டார்கள் என்பதால் இது பேச்சில் வருவதே இல்லை. காலையில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்புகிறவர்கள் கதவைத் தட்டும் நேரத்தில் மாமியார் அவசரப்பட்டு எழ நேராதபடி, அவருக்கென்று நெருக்கடியில்லாத ஒரு வேளையை ஒதுக்குவதும் அப்படியே.

சிறு செலவுகள் இன்னும் சில இருக்கின்றன. படுக்கையிலிருந்து குளியலறை வரை ஆள் நடமாட்டத்தில் தானே எரியும் இரவு விளக்குகளைப் பொருத்துங்கள். கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றுங்கள். கதவு உட்புறமாகத் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்ற முடியுமா என்று தச்சரைக் கேளுங்கள். வெந்நீரையும் கவனியுங்கள். 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். முதியவர்களின் தோல் மெல்லியது என்பதால் அவர்களுக்குக் கால அவகாசம் இன்னும் குறைவு. வெந்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி என்றால், நோய்க்கிருமிகள் வளராமலிருக்க உள்ளே அதிக வெப்பமும், குழாயில் குறைந்த வெப்பமும் தேவைப்படும். இரண்டையும் சமாளிக்க வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலவை வால்வு ஒன்றை பிளம்பர் பொருத்தித் தருவார். குழந்தைகளுக்கும் இதனால் பாதுகாப்பு.

இவை அனைத்தையும் ஒன்றிரண்டு மாதச் சேமிப்பிலிருந்தே செய்துவிடலாம். அவசரகால நிதியைத் தொட வேண்டாம். வீட்டில் ஒரு முதியவர் தடுமாறத் தொடங்கியிருக்கும் இந்தச் சமயத்தில்தான் அந்த நிதிக்கு வேலை வரும். வைப்புநிதியையும் அபராதம் கட்டி முன்கூட்டியே உடைக்க வேண்டியதில்லை.

இனி, யார் பணம் என்ற கேள்வி. இதில்தான் நான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். மாமியார் தம் சேமிப்பைக் கொடுத்துக் குளியலறையைக் கட்டினால், அந்தப் பணம் உங்கள் கணவரின் சொத்துக்குள் கலந்துவிடும். திரும்ப எடுக்க முடியாது. அவருக்குச் சொந்தமாகச் செலவழிக்க ஏதும் இல்லாமல் போவது அவருடைய மருத்துவத்துக்கும் மரியாதைக்கும் நல்லதல்ல. நாளைக்கு அவர் இல்லாத காலத்தில், அம்மாவின் பணம் அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிறதே என்று தம்பிக்குத் தோன்றினால் அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது. வருமானமும் சொத்தும் பார்த்து முதியோருக்கு உதவி வழங்கும் அரசுகள், அண்மையில் கைமாறிய பெருந்தொகைகளைப் பற்றிக் கேள்வி கேட்பதும் உண்டு. அவருக்கும் பங்களித்த மனநிறைவு வேண்டும் என்றால், நாற்காலி, கழிப்பறை உயர்த்தி போன்ற, அவரோடு எங்கே வேண்டுமானாலும் செல்லக்கூடிய பொருட்களை அவர் பணத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

கொழுந்தனாரின் உதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது அன்பளிப்பா, கடனா, தாயைப் பராமரிப்பதில் அவருடைய பங்கா என்பதை ஒரு தாளில் எழுதி, சகோதரர்கள் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மதிப்பீட்டின் பாதியைவிட, மாதந்தோறும் ஒரு நிலையான தொகையைத் தாயின் பராமரிப்புக்கென்று அவர் அனுப்புவதே உங்களுக்கு அதிகம் உதவும். குளியலறைச் செலவு ஒருமுறை வந்து போவது. பராமரிப்புச் செலவு அப்படியல்ல.

14 மாதங்களுக்குப் பிறகு பெரிய வேலையை எடுப்பதா என்பதை அப்போதைய நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குழாய்கள் துருப்பிடித்திருந்தாலோ, சுவரில் நீர்க்கசிவு இருந்தாலோ, மாமியார் சக்கர நாற்காலிக்கு மாறும் நிலை தெரிந்தாலோ இடித்துக் கட்டுவதற்கு நியாயம் உண்டு. அப்படிக் கட்டும்போது குளிக்கும் இடத்துக்குத் திண்டு இல்லாத சமதரை, குறைந்தது 81 சென்டிமீட்டர் அகலத் திறப்புள்ள வாசல், பின்னாளில் கம்பிகள் பொருத்துவதற்கேற்ப சுவருக்குள் முன்கூட்டியே வைத்த வலுவூட்டல் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சுவர் திறந்திருக்கும்போது அந்த வலுவூட்டலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. டைல்ஸ் ஒட்டிய பிறகு அதே வேலைக்கு டைல்ஸையே உடைக்க வேண்டும். ஒரே குளியலறை என்பதால், வேலை நடக்கும் நாட்களில் ஐந்து பேரும் எங்கே குளிப்பது, மாமியார் எங்கே தங்குவது என்ற செலவையும் மதிப்பீட்டின் கீழே எழுதிக்கொள்ளுங்கள். எதிர்பாராதவற்றுக்காக மொத்தத்தில் 15 சதவீதம் தனியாக இருக்கட்டும். பழைய தரையைத் தோண்டினால் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக் காப்பீடு இதற்குப் பணம் தராது. திடீர்ச் சேதங்களுக்குத்தான் அது உதவும், மேம்பாடுகளுக்கு அல்ல. ஆனால் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டை மாற்றியமைக்க மானியமோ வரிச்சலுகையோ தரும் அரசுகள் உண்டு. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள், அதையும் வேலை தொடங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் தராத திட்டங்கள் இருக்கின்றன.

ஒப்பந்தம் போடும் நாளில், அழகு வேலையும் பாதுகாப்பு வேலையும் தனித்தனி விலையோடு இருக்கும்படி குறைந்தது மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காமல், வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தரையில் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணத்தைத் தருவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.