அமெரிக்க செனட்டர் ஒருவர் பதவியில் இருக்கும்போதே இறந்தால் அந்த இடத்தை யார் நிரப்புவார்கள்?

பெரும்பாலும் அது மாநிலத்தின் கையில். அரசியலமைப்பின் 17ஆவது திருத்தப்படி இடைத்தேர்தல் நடக்க வேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குக் கொடுப்பதா என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும். அங்கே ஆளுநரும் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருபவர்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2004இல் செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் நின்றார். அவர் ஜெயித்தால் காலியாகும் இடத்துக்குக் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி தன் ஆளை நியமித்துவிடக் கூடாது என்று, சட்டமன்றத்தில் பலமாக இருந்த ஜனநாயகக் கட்சியினர் அந்த அதிகாரத்தையே பறித்தார்கள். 2009 ஆகஸ்டில் அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர், ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடி இறந்தபோது ஆளுநரும் ஜனநாயகக் கட்சிக்காரர். சட்டத்தை மறுபடி மாற்றினார்கள்; பால் கிர்க் தற்காலிக செனட்டரானார். ஆளைப் பார்த்து விதி எழுதுவது எனக்குத் தவறாகவே படுகிறது.

அப்புறம் 2010 ஜனவரி 19 இடைத்தேர்தலில், கென்னடி ஏறக்குறைய 47 ஆண்டுகள் வைத்திருந்த இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் பிடித்தார். செனட்டில் விவாதத்தை முடித்து மசோதாவை ஓட்டுக்கு விட 60 பேர் தேவை; ஜனநாயகக் கட்சி அணியில் இருந்த 60 பேர் இப்போது 59 ஆனார்கள். கீழவை திருத்தினால் மசோதா மறுபடி செனட்டுக்கு வர வேண்டும்; அதனால் ஒபாமாவின் சுகாதாரக் காப்பீட்டு மசோதாவை, செனட் ஏற்கெனவே நிறைவேற்றிய வடிவத்திலேயே கீழவை ஏற்க வேண்டியதாயிற்று.