விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,
எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது. 38 கிலோ இருக்கிறது, 30தான் இருக்கவேண்டும் என்கிறார் டாக்டர். இரண்டு வேளையும் தயிர்சாதம், நடுவில் பிஸ்கட். சாப்பாட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்கிறார்களே, உண்மையா? வாரம் ஒருநாள் பட்டினி போடலாமா? வீட்டில் ஒரு குண்டுப் பூனையும் உண்டு.
— ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,
உண்மைதான். லாப்ரடாரிலேயே பார்த்திருக்கிறார்கள். 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்றதில் முக்கால் பங்கை மற்றதற்குக் கடைசிவரை கொடுத்தார்கள். முடிவு 2002இல் வந்தது. நிறையத் தின்றவற்றில் பாதி 11.2 வயதுக்குள் போய்விட்டன. குறைவாகத் தின்றவற்றில் பாதி போக 13 வயதாயிற்று. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் தள்ளிப்போனது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நீண்டநாள் வாழ்ந்தவை எலும்பும் தோலுமாக இல்லை, கச்சிதமாக இருந்தன, மற்றவைதான் குண்டு. எட்டு வார வயதிலேயே தொடங்கிய ஆய்வு என்பதால் ஆறு வயது நாய்க்கு அதே இரண்டு வருடத்தை வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மூட்டுக்கும், மே மாத வெயிலில் இரைக்கும் மூச்சுக்கும் எடை குறைவது பெரிய நிம்மதி.

பட்டினி வேண்டாம். தயிர்சாதத்தைப் பாதியாக்கவும் வேண்டாம். அதில் ஏற்கெனவே புரதம் போதாது. குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடை குறைப்புக்கான தீவனத்துக்குப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். 30 கிலோவைக் குறிவைத்தால் நாளுக்குச் சுமார் 900 கலோரி. 100 கிராமில் 350 கலோரி உள்ள தீவனம் என்றால் 255 கிராம். டம்ளரில் அளந்தால் கை தாராளமாகிவிடும், சமையலறைத் தராசு வையுங்கள். பெரும்பாலும் கணக்கு தப்புவது பிஸ்கட்டில்தான்: தாத்தா இரண்டு, பேரன் இரண்டு, யாருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. காலையிலேயே அன்றைய தீவனத்தில் ஒரு பிடியை டப்பாவில் எடுத்து வையுங்கள்; யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை கூடவே கூடாது.

வாரம் 300–400 கிராம் இறங்கினால் போதும், ஐந்தாறு மாதத்தில் 30ஐத் தொடும். அளந்து கொடுத்தும் ஒரு மாதம் முள் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

நடுவே விலாவைத் தடவுங்கள். விரித்த கையின் புறப்பக்கத்தைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி இருந்தால் சரி. உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் இன்னும் குறைக்கவேண்டும். மடக்கிய முஷ்டியின் மேடுபோல் துருத்தினால் அளவுக்கு மீறி இளைத்துவிட்டது.

பூனையை மட்டும் ஒருநாள்கூடப் பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்து மஞ்சள்காமாலை வந்து உயிருக்கே ஆபத்தாகும். அதன் அளவை டாக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறையுங்கள்.