பகுதியில் ரூட் இருந்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு கணக்கில் விடையை 5/√2 என்று எழுதியிருந்தாள். 5√2/2 என்று எழுதவில்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். 'பகுதியில் (பின்னத்தில் கோட்டுக்குக் கீழே) ரூட் இருக்கக்கூடாது' என்பதற்கு மேல் காரணம் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே எண்தானே? அப்புறம், 1/(√3 − √2) மாதிரி வந்தால் குறியை மாற்றிப் பெருக்கச் சொல்கிறார்கள். அது ஏன்? அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டும் ஒரே எண்தான். உங்கள் மகளின் விடை சரி. கேள்வியிலேயே 'பகுதியை விகிதப்படுத்துக', அதாவது பகுதியில் ரூட் இல்லாதபடி மாற்றுக, என்று இருந்திருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று குறைக்கலாம். கேட்காதபோது குறைத்தது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். சைன் 45° = 1/√2 என்றுதானே பாடப்புத்தக அட்டவணையிலேயே இருக்கிறது!

அந்த வழக்கம் கைக்கணக்குக் காலத்தில் மிகவும் பயன்பட்டது. கால்குலேட்டர் இல்லாமல் 1/√2-இன் மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். √2 என்பது ஏறத்தாழ 1.41421356. ஒன்றை இதனால் வகுக்க உட்கார்ந்தால், ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்றின் மடங்கைக் கழித்துக்கொண்டே போகவேண்டும். மேலும் கீழும் √2-ஆல் பெருக்கி √2/2 என்று எழுதிக்கொண்டால், பாதியாக்கினால் போதும்: 0.70710678. வாய்க்கணக்காகவே முடிந்துவிடும். பெருக்கியது √2/√2, அதாவது 1. அதனால் மதிப்பு மாறவில்லை.

சரி, குறி விஷயத்துக்கு வருவோம். √3 − √2-ஐ அதே √3 − √2-ஆல் பெருக்கினால் 5 − 2√6 வருகிறது. ரூட் போகவில்லை, வேறு உருவத்தில் திரும்ப வந்துவிட்டது. √3 + √2-ஆல் பெருக்கினால் (a − b)(a + b) = a² − b² என்ற பழைய சூத்திரம் வேலை செய்கிறது. நடு உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, 3 − 2 = 1 மட்டும் மிஞ்சும். ஆகவே 1/(√3 − √2) என்பது √3 + √2 தான். கழித்தலும் வகுத்தலும் சேர்ந்த ஒன்று வெறும் கூட்டலாகிவிட்டது. முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

கால்குலேட்டர் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று மகள் கேட்டால் 1/(√1001 − √1000)-ஐக் கொடுங்கள். இரண்டு தசம இடங்களுக்கு √1001 = 31.64, √1000 = 31.62. கழித்தால் 0.02, விடை 50. இப்போது விகிதப்படுத்திப் பாருங்கள். பகுதி 1001 − 1000 = 1, எனவே விடை 31.64 + 31.62 = 63.26. இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னால் உள்ள நல்ல இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், தோராயமாக்கியதில் வந்த பிழை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. கணினியும் குறிப்பிட்ட இலக்கங்கள் வரைதான் வைத்துக்கொள்கிறது என்பதால் அதற்கும் இதே ஆபத்து உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பெருக்கலைச் செய்துதான் தப்பிக்கிறார்கள்.

ரூட் எப்போதும் மேலேதான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. மேல்நிலை வகுப்பில் √x-இன் வகைக்கெழுவை, அதாவது x மாறும்போது √x மாறும் வேகத்தை, காணும்போது (√(x+h) − √x)/h என்று வரும். அங்கே தொகுதியில் இருக்கும் ரூட்டைத்தான் இதே முறையில் கீழே தள்ளவேண்டும். அப்போதுதான் கீழே நிற்கும் h அடிபடும், பிறகு மிச்சமுள்ள h-ஐப் பூச்சியத்தை நெருங்கவிட்டால் 1/(2√x) கிடைக்கும். மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதைச் செய்யப்போகிற வேலைதான் சொல்லும்.

மகளுக்கு ஒரு கணக்கு தருகிறேன். 1/(1+√2) + 1/(√2+√3) + 1/(√3+√4) என்று தொடங்கி 1/(√99+√100) வரை கூட்டவேண்டும். முதல் மூன்றை மட்டும் முதலில் போடட்டும், 1 வரும். ஒவ்வொன்றையும் விகிதப்படுத்தினால் √2 − 1, √3 − √2, √4 − √3 என்று வரிசையாக நிற்கும். அடுத்தடுத்தவை அடிபட்டுக்கொண்டே போகும். தொண்ணூற்றொன்பது பின்னங்களையும் கூட்டி முடிக்கும்போது √100 − 1, அதாவது 9 மிஞ்சும்.