மூன்று தோட்டாக்கள், ஒரு மருந்து – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தேன்கனிக்கோட்டைக்காரன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சாஸில், ஹூஸ்டனில் வாழ்கிறேன். நண்பர்களோடு துப்பாக்கி சுடும் களத்துக்குப் போய்ப் பழகியதில், சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் ஆசை வந்துவிட்டது. இங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. என்னிடம் .38 ஸ்பெஷல், 9 மி.மீ., .45 ஏசிபி என மூன்று வகைக் கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. கடையில் ஒரு சுவர் முழுக்க வெடிமருந்து டப்பாக்கள். ஒருவர் யுனிக் வாங்கு என்கிறார், இன்னொருவர் 231 என்கிறார், கடைக்காரர் டைட்குரூப்தான் சிக்கனம் என்கிறார். மூன்றுக்கும் பொதுவாக ஒரே மருந்து என்றால் எதை வாங்கலாம்? வெடிமருந்தின் வரலாறு பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்ததால் கேட்கிறேன்.

இன்னொன்று. ஊரில் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. ராகிக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காகத் தாத்தா காலத்திலிருந்து இருப்பது. இங்கத்திய மருந்து புகையில்லாமல் எரியும் என்று சொன்னதும், பொங்கலுக்கு வரும்போது கொஞ்சம் கொண்டுவா என்கிறார். கொண்டுவரலாமா?

ர., ஹூஸ்டன்

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவரக் கூடாது. விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, எந்த வெடிமருந்துக்கும் அனுமதி கிடையாது. தப்பித் தவறி வந்து சேர்ந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது. பெரியப்பாவின் உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான். தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும், அது இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. எனவே நான் கீழே எழுதப்போவதெல்லாம் ஹூஸ்டனுக்கு மட்டும்தான். ஓசூரிலோ பென்னாகரத்திலோ இதைப் படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

சட்டத்தை விடுங்கள், பெரியப்பாவின் கையும் கண்ணும் முக்கியம். அவருடைய துப்பாக்கியில் குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து, மேலே ரவை போடுகிறார்கள். அந்த மருந்து கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த கரிமருந்து. கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791இல் கம்பெனிப் படை தாக்கித் தோற்றுத் திரும்பியபோது இரு தரப்பும் சுட்டது அதைத்தான். எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையும் குழலில் படியும் கசடும் அதுதான். நீங்கள் வாங்கும் மருந்து நைட்ரோசெல்லுலோஸ். பிரான்ஸில் பால் வியேய் 1884இல் உருவாக்கிய வகையறா. கிட்டத்தட்ட முழுவதுமே வாயுவாகிவிடும். அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். தாத்தா கற்றுக்கொடுத்த அளவில் இதைக் கெட்டித்தால் குழல் பிளந்துவிடும். பெரியப்பாவிடம் நீங்கள் தொலைபேசியில் சொல்லவேண்டியது இதை ஒன்றைத்தான்.

(நம் மாநிலத்திலேயே இந்த வகை மருந்துக்கு ஒரு பழைய முகவரி உண்டு: நீலகிரி அருவங்காடு. பிரிட்டிஷார் 1903இல் அங்கே கார்டைட் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஆலையை இன்னும் கார்டைட் என்றே சொல்கிறார்கள்.)

இனி முதல் கேள்வி. மருந்துகளுக்குள் உள்ள பெரிய வேறுபாடு எரியும் வேகம். அடுப்பில் சுள்ளியும் கட்டையும் எரிவதில் உள்ள வேறுபாடுதான். துகளின் வடிவம், பருமன், மேல்பூச்சு ஆகியவற்றை மாற்றி அந்த வேகத்தை அமைக்கிறார்கள். கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது. குண்டு வெளியேறுவதற்குள் மருந்து எரிந்து தீர்ந்திருக்க வேண்டும். ஆகவே வேகமான வகையிலிருந்து நடுத்தர வகைக்குள்தான் நீங்கள் தேட வேண்டும். மேக்னம் எனும் வலுமிக்க தோட்டாக்களுக்கான மெதுவான மருந்துகளின் பக்கமே போகாதீர்கள். அவற்றில் சில, குறிப்பிட்ட அளவுக்கும் கீழே குறைத்துப் போட்டாலும் ஆபத்தானவை.

உங்களிடம் உள்ள மூன்றும் மூன்று குணம். .38 ஸ்பெஷல் 1898இல் வந்தது, கரிமருந்துக்காக வடிவமைத்த கூடு. அதனால் நீளம் 29 மி.மீ. 9 மி.மீ. தோட்டா 1902இல் புகையில்லா மருந்துக்கென்றே பிறந்தது, கூடு 19 மி.மீ. மட்டுமே. அழுத்தத்தின் உச்சவரம்பைப் பாருங்கள்: சதுர அங்குலத்துக்கு .38இல் 17,000 பவுண்டு, .45இல் 21,000, 9 மி.மீ.யில் 35,000. இந்த மூன்றுக்கும் ஈடுகொடுப்பதைத்தான் பொதுவான மருந்து என்று சொல்லலாம். உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றுமே அதைச் செய்யும். அப்படியானால் தேர்வு எதை வைத்து?

என் அளவுகோல் வேறு. எது அதிகம் பொருந்தும் என்று நான் பார்க்க மாட்டேன். கை தவறினால் எது கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் என்று பார்ப்பேன். மறுநிரப்பலில் மிகக் கொடிய பிழை, ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்துவிடுவது. தொலைபேசி ஒலித்து நீங்கள் எழுந்து போய்த் திரும்பி வந்தாலே போதும். அந்தத் தோட்டா வெளியே மற்றவற்றைப் போலத்தான் இருக்கும். டைட்குரூப் அடர்த்தியான மருந்து. .38இன் நீண்ட கூட்டில் அது அடியில் கிடக்கும். இரட்டிப்பாக விழுந்தாலும் கூட்டில் நிறைய இடம் காலியாக இருப்பதால் அவசரக் கண்ணுக்குத் தெரியாது. சிக்கனம் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். கொஞ்சம் போட்டால் போதும் என்பதே சிக்கனம், அதுவேதான் ஆபத்தும்.

யுனிக் அப்படியல்ல. 1900 முதல் விற்பனையில் இருக்கிற பழைய மருந்து, பொங்கிப் பரந்த செதில்கள். 9 மி.மீ. கூட்டில் இரட்டிப்பாக விழுந்தால் வாய் வழிந்து மேசையில் கொட்டிவிடும். .38இல் வழியாது, ஆனால் விளக்கொளியில் வரிசையாகப் பார்க்கும்போது அந்த ஒன்று மட்டும் மேலெழுந்து நிற்பது தெரியும். குறை உண்டு. செதில் பெரிதாக இருப்பதால் அளவைக் கருவியில் சீராக இறங்காது. பக்கத்தில் தராசு இல்லாமல் வேலை செய்யக் கூடாது. கொஞ்சம் கசடும் தள்ளும். நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

231 இரண்டுக்கும் நடுவில். தட்டையாக்கப்பட்ட சிறு உருண்டைகள், அளவைக் கருவியில் தண்ணீராக இறங்கும். எடையிட்டே பழகிய பிறகு இதற்கு மாறலாம். விலை கேட்கும்போது பக்கத்தில் எச்பி-38 என்று ஒரு டப்பா இருக்கும். இரண்டும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. மலிவானதை எடுங்கள். இதற்கு நேர்மாறும் அதே கடையில் உண்டு. ரைபிள் மருந்தில் 4895 என்ற எண்ணை இரண்டு பெயர்களில் விற்கிறார்கள். எண் ஒன்று, மருந்து வேறு. டப்பாவின் முழுப்பெயரைப் படிக்காமல் கையை நீட்டக் கூடாது.

எனவே முதல் டப்பா யுனிக். எவ்வளவு போடுவது என்று நான் எழுத மாட்டேன். நண்பரும் சொல்லக் கூடாது. தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் குண்டின் எடைக்கு நேரே உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். எரியும் வேகத்தின் வரிசைப் பட்டியல் ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று மாற்று ஆகிவிடா.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. மீந்ததை அதே டப்பாவில் கொட்டுங்கள், இரண்டைக் கலக்கவே கூடாது. வைப்பதைப் பற்றி நம் மாவட்டத்துக்காரரிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடித்ததும், அரூர்ப் பக்கத்து இளைஞர்கள் கருகிய அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீவிபத்தும் ஒரே ஆண்டில், 2023இல் நடந்தவை. புகையில்லா மருந்தைத் திறந்த இடத்தில் கொளுத்தினால் எரியத்தான் செய்யும். கெட்டியான இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால் தீயின்போது அதுவே வெடிகுண்டு. டப்பாக்கள் வெடிக்காமல் வாய் பிதுங்கித் திறந்துகொள்ளும்படி மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கின்றன, அதிலேயே இருக்கட்டும். கொட்டகையிலோ கார் டிக்கியிலோ வேண்டாம், வெப்பம் மருந்தைக் கெடுக்கும். திறந்தால் காரமான அமில நெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூசு தெரிந்தாலோ அது கெட்டுவிட்டது.

எட்டு பவுண்டு ஜாடியில் வாங்கினால் லாபம் என்று கடைக்காரர் கட்டாயம் சொல்வார். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 5 கிரெயின் என்று தோராயமாக வைத்தாலும் ஒரே பவுண்டில் 1,400 தோட்டாக்கள் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர் அதை முடிக்கவே நாளாகும். ஒரு பவுண்டு டப்பா வாங்குங்கள். ஜாடிக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல தராசும், அதைச் சரிபார்க்க எடைக்கற்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.