பீலித் தண்ணீரைப் பற்றீரியாவிடம் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்ட லயத்துக்கு, மலையிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணீர்தான். பீலிக்கு மேலே மேட்டில் லீக்ஸ், கோவா போட்டு அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று உயிருள்ள பற்றீரியாவை வைத்தே பார்க்கலாம் என்கிறான் மகன். கிருமி சாகட்டும் என்றுதானே தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம், அதையே விட்டு எப்படிச் சோதிப்பது?
- வாசகி, தலவாக்கலை

பதில்: மகன் சொன்னது சரிதான் அக்கா. ஆனால் முதலில் ஒன்று, கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான், பூச்சிமருந்துக்கு அல்ல. தண்ணீர் வற்ற வற்ற, ஆவியாகாத மருந்து கேத்தலுக்குள்ளேயே தங்கிவிடும்.

இனிக் கருவிக்கு வருவோம். கணவாயின் உடம்புக்குள் குடியிருந்து வெளிச்சம் போடும் ஒரு கடல் பற்றீரியா உண்டு, பெயர் அலிவிப்ரியோ ஃபிஷெரி. அது மூச்சு விடுவதும் வெளிச்சம் போடுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் நஞ்சு பட்டால் வெளிச்சம் மங்கும், எவ்வளவு மங்கியது என்று கருவி அளக்கும். நுவரெலியாக் குளிர்போல 15 பாகையில் வைத்து, 5, 15, 30 நிமிடங்களில் பார்ப்பார்கள். கடல் பிராணி ஆச்சே, உங்கள் பீலித் தண்ணீரை அப்படியே கொடுத்தால் அதற்கு ஆகாது, 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் கணக்கில் உப்புப் போட வேண்டும்!

இன்னொரு வகைக் கருவியை 1977இல் ஜப்பானில் கருபே என்ற ஆய்வாளரின் குழு செய்தது. ஒட்சிசனை அளக்கும் மின்வாயின் முனையில் நுண்ணங்கிகளை மெல்லிய சவ்வால் மூடி வைப்பார்கள். தண்ணீரில் அழுக்கு வந்தால் அவை அதைத் தின்று ஒட்சிசனை இழுக்கும், மின்னோட்டம் குறையும், அந்தக் குறைவுதான் கணக்கு. வழக்கமான முறையில் 5 நாள் காத்திருக்க வேண்டிய சோதனை இதில் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். ஆனால் இது காட்டுவது கழிவின் அளவை, மருந்தை அல்ல.

அப்போ வெளிச்சம் போடுவது போதுமா என்றால், உங்கள் பீலிக்குப் போதாது என்றுதான் சொல்வேன். பூச்சிமருந்துகள் பல பூச்சியின் நரம்பைத் தாக்குபவை, பற்றீரியாவுக்கு நரம்பே இல்லை, அதனால் தண்ணீரில் மருந்து இருந்தும் அது பாட்டுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கக்கூடும். மங்கினாலும் எந்த மருந்து என்று சொல்லாது. ஆசனிக்கைக் கண்டால் மட்டும் ஒளிரும்படி மரபணுவை மாற்றிய பற்றீரியாக்களும் உண்டுதான், வியட்நாம் கிணற்றுத் தண்ணீரில் அவற்றைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அப்படி ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒன்றை வளர்க்க வேண்டும்.

உங்களுக்குத் தேவை மருந்தைப் பெயர் சொல்லிப் பிடிக்கும் ஆய்வுகூடச் சோதனை. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் எழுத்திலேயே கேளுங்கள். மருந்து அடித்த பிறகு வரும் முதல் மழையில்தான் அது கழுவிக்கொண்டு இறங்கும், தண்ணீரை அப்போது எடுக்கச் சொல்லுங்கள். மேட்டில் வெறும் போத்தல் கிடந்தால் கையால் தொடாமல் லேபலைப் போனில் படம் பிடித்துக் கொடுங்கள், எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் ஆய்வுகூடத்துக்கும் வேலை ஓடும்.