மைனர் லீக் பேஸ்பாலில் பயிற்சியாளரின் வேலை ஜெயிக்க வைப்பதா, ஆளை உருவாக்குவதா?

ஆளை உருவாக்குவதுதான். ஜெயித்தால் எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் அதற்காக மட்டும் யாரும் அவரை வேலைக்கு வைப்பதில்லை. நான் வட கரோலினாவில், டர்ஹம் பக்கத்தில் இருக்கிறேன். கோடை வந்துவிட்டால் டர்ஹம் புல்ஸ் என்ற மைனர் லீக் அணியின் ஆட்டங்களுக்குப் போவது வழக்கம். வார இறுதியில் எங்கள் பகுதிச் சிறுவர் அணியின் பயிற்சியிலும் உதவுகிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊர் ரஞ்சிப் போட்டியில் தமிழ்நாடு அணி தமிழ்நாட்டுக்காக ஆடுகிறது, கோப்பைதான் குறி. இங்கே அப்படி இல்லை. உச்சியில் இருப்பது மேஜர் லீக், அதற்கு ஆள் தயார் செய்யும் கீழ்ப்படிகள்தான் மைனர் லீக். 30 மேஜர் லீக் கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே, கீழிருந்து மேலாக சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு அணிகள், ஆக 120. அவற்றுக்கும் கீழே அரிசோனா, ஃபுளோரிடா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் தொடக்கநிலை லீக்குகள் உண்டு. டர்ஹம் புல்ஸ் 1998 முதல் டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் கிளப்பின் டிரிபிள் ஏ அணி. மைதானம், டிக்கெட், வாணவேடிக்கை எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது டாம்பா பே. எந்தப் பையன் எந்த இடத்தில் ஆட வேண்டும், யார் எத்தனை பந்து வீசலாம் என்பதும் பெரும்பாலும் மேலிடத்தில் முடிவாகி வரும். நேற்று ராத்திரி பிரமாதமாக வீசியவர் இன்று காலை மேஜர் லீக்குக்கு விமானம் ஏறியிருப்பார். அணி பலவீனமாகிவிட்டதே என்று மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், புலம்ப முடியாது, அவர் அங்கே இருப்பதே அதற்காகத்தான்.

ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அடி வாங்காமல் வீசிக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் அவரை வெளியே எடுப்பதைப் பார்க்கலாம். புதிதாக வரும் ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். அந்தப் பையனின் முழங்கை இந்த சீசனில் எவ்வளவு தாங்கும் என்று முன்பே ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். இன்றைய ஆட்டத்துக்காக அதை மீறுவதில்லை.

சரி, வளர்ப்பது எப்படி? நான் படித்ததிலும் பார்த்ததிலும் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். நல்ல பயிற்சியாளர் பையன் தலையில் புதிதாக எதையும் ஏற்றுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் பாரத்தை இறக்கிவைப்பதில்தான் கெட்டிக்காரர்.

டெரெக் ஜீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் பள்ளி முடித்த கையோடு நியூயார்க் யாங்கீஸ் அவரை ட்ராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஆறாவது ஆளாக எடுத்தது. முதல் கோடையில் பேட்டிங் சராசரி .202தான், பத்து முறைக்கு இரண்டு முறைதான் அடி பலித்தது. வீட்டு ஞாபகத்தில் ராத்திரி பெற்றோருக்கு போன் செய்து அழுதிருக்கிறார். அடுத்த வருடம் கிரீன்ஸ்பரோவில், இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடி 56 எர்ரர் செய்தார். பிடிக்க வேண்டிய பந்தை விடுவதும், தப்பாக எறிந்து எதிரணியை ஓடவிடுவதும் எர்ரர் கணக்கில் வரும். ஒரே சீசனில் 56 என்பது பயங்கரமான எண். இவர் ஷார்ட்ஸ்டாப்புக்கு லாயக்கில்லை, வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றும் பேச்சு எழுந்தது. ஆனாலும் அவரை உட்கார வைக்கவில்லை, தினமும் அதே இடத்தில் ஆட வைத்தார்கள்.

அந்த சீசன் முடிந்ததும் பிரையன் பட்டர்ஃபீல்டு என்ற பயிற்சியாளரிடம் அவரை ஒப்படைத்தார்கள். கையில் காயம் இருந்ததால் ஜீட்டரால் மட்டை பிடிக்க முடியாத நேரம் அது. அதுவே வசதியாகப் போயிற்று. வாரக்கணக்கில் தரையோடு வரும் பந்தைப் பிடிப்பது மட்டும்தான் பாடம். காலை எங்கே வைப்பது, கையுறையை எப்படி நீட்டுவது, பிடித்ததும் எப்படி எறிவது, இவ்வளவுதான். 1994-ல் ஒரே வருடத்தில் ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று மூன்று படி ஏறினார். 1996-ல் மேஜர் லீக்கின் சிறந்த புதுமுகம். பிறகு ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருது ஐந்து முறை.

இன்னொரு கதை வலிக்கிற கதை. 1957-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்த பிட்சர் ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி. வேகத்தை அளக்கும் ராடார் துப்பாக்கி வராத காலம், ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் இவ்வளவு வேகத்தைக் கண்டதில்லை என்றார்கள். பந்து எங்கே போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. 1960-ல் 170 இன்னிங்ஸில் 262 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். 262 பேருக்கு வாக் கொடுத்தார், அதாவது குறி தவறிய நான்கு பந்துகளால் அவர்களைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே எண். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து எதையாவது திருத்திப் பார்த்தார்கள். 1962-ல் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் கையில் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் ஓரியோல்ஸுக்கு உலகத் தொடர் வென்று தந்த அதே வீவர்தான். அவர் புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேகமாகப் போகும் ஃபாஸ்ட்பால், கடைசியில் விலகும் ஸ்லைடர் இரண்டை மட்டும் வைத்துக்கொள், ஓரத்தைக் குறிவைக்காதே, நடுவில் போடு என்று விட்டுவிட்டார். அந்த வருடம் 160 இன்னிங்ஸில் வாக் 114ஆகக் குறைந்தது. 1963 வசந்தகாலப் பயிற்சியில், மேஜர் லீக் அணியில் இடம் கிடைக்கும் என்றிருந்த நிலையில் முழங்கை போய்விட்டது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே அவர் வாழ்க்கை முடிந்தது. முதல் வருடமே ஒரு வீவர் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

சில சமயம் இறக்கிவைக்க வேண்டியது மட்டையாகவே இருக்கும். குராசாவோ தீவின் கென்லி ஜான்சன் 2009 வரை கேட்சர், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர். எறியும் கை அபாரம், பேட்டிங் சுமார். அவருடைய கிளப்பான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரைப் பிட்சராக மாற்றியது. அடுத்த வருடமே மேஜர் லீக்கில் வீசினார்.

இப்போது நிலைமை வேறு. ட்ராக்மேன், ராப்சோடோ, அதிவேகக் கேமரா என்று ஒவ்வொரு பந்துக்கும் வேகம், சுழற்சி, விலகல் எல்லாம் எண்ணாக வந்து விழுகிறது. நல்லதுதான். ஆனால் பத்தொன்பது வயதுப் பையனிடம் அத்தனை எண்களையும் கொட்டினால் அவன் வீசுவதையே மறந்துவிடுவான். அவற்றில் இந்த மாதத்துக்கு எது ஒன்று வேண்டும் என்று பொறுக்கி எடுப்பதுதான் பயிற்சியாளரின் திறமை. எங்கள் சிறுவர் அணியில்கூட இதைத்தான் பின்பற்றுகிறேன். ஒரு வாரத்துக்கு ஒரே திருத்தம், அதற்கு மேல் பெற்றோர் கேட்டாலும் சொல்வதில்லை.

பேஸ்பால் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத ஒரு பாரமும் உண்டு. அது வயிறு, வாடகை, மொழி. டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் பதினாறு வயதில் ஒப்பந்தமாகி வரும் பையன்களுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது. அவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துவதும் வளர்ப்பில் ஒரு பகுதி. 2022-ல் டாம்பா டார்ப்பன்ஸ் அணிக்கு மேனேஜராக வந்து, மைனர் லீக்கில் முழு சீசன் அணியை நடத்திய முதல் பெண் என்று பெயர் பெற்ற ரேச்சல் பால்கோவெக், இந்தப் பையன்களுக்காகவே ஸ்பானிஷ் கற்றவர்.

வாடகை விஷயம் இன்னும் மோசமாக இருந்தது. ஒரே வீட்டில் நாலைந்து பேர், தரையில் காற்று மெத்தை, சீசன் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். 2022-ல்தான் கிளப்புகளே தங்குமிடம் தர ஆரம்பித்தன. 2023-ல் மைனர் லீக் வீரர்களுக்காக வீரர் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தத்தில் டிரிபிள் ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. சிங்கிள் ஏ-யில் 11,000 என்பது 26,200 ஆனது. சமீப வருடங்களில் இளம் வீரர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயிற்சி இதுதான் என்பேன். சரியாகச் சாப்பிட்டுத் தூங்காத பையனுக்கு எந்தக் கேமராவும் உதவாது.

அதே ஒப்பந்தத்தில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பகுதியும் இருக்கிறது. ஒரு கிளப் அமெரிக்காவுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் எண்ணிக்கை 180-லிருந்து 165 ஆகிவிட்டது. அதற்கு முன்பே, 2021-ல், நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர் அணிகள் கழற்றிவிடப்பட்டன. 40 சுற்று நடந்துகொண்டிருந்த ட்ராஃப்டும் 20 ஆனது. ட்ராஃப்டில் வராதவர்களையும் ஒப்பந்தம் செய்யலாம்தான், ஆனால் மெதுவாக முளைக்கும் பையனுக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. மைக் பியாட்ஸாவை 1988-ல், சுற்றுகள் இன்னும் அதிகமாக இருந்த காலத்தில், டாட்ஜர்ஸ் எடுத்தது 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக, அதுவும் அவருடைய குடும்ப நண்பரும் அப்போதைய டாட்ஜர்ஸ் மேனேஜருமான டாமி லசோர்டாவுக்காக. அப்போது பியாட்ஸா கேட்சர்கூட இல்லை. டொமினிக்கன் குடியரசில் டாட்ஜர்ஸ் நடத்திய கேம்போ லாஸ் பால்மாஸ் பயிற்சி மையத்துக்குப் போய், ஸ்பானிஷ் பேசும் பையன்களோடு தங்கி கேட்சிங் கற்றுக்கொண்டார். 1993-ல் சிறந்த புதுமுகம், 2016-ல் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அப்படி ஒருவரைக் காத்திருந்து வளர்க்க இன்றைக்கு எந்தக் கிளப்பிடம் காலி இடம் இருக்கிறது?