பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லாதீர்கள்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கடைசி பெஞ்சு மாணவர்கள் ஐந்தாறு பேர் பாடம் நடத்தவே விடுவதில்லை. பிரம்பு எடுக்காமல் அடங்க மாட்டார்கள் என்றும், பதினான்கு வயதைத் தாண்டிய பையன்களை அடித்தால் சட்டம் ஒன்றும் செய்யாது என்றும் சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சக ஆசிரியர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17-ஆவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 75-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. 18 வயது நிறையாத பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அப்பிள்ளையைத் தாக்கித் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாக்கினால் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். புகார் வரும் நாளில், பிரம்பை எடுக்கச் சொன்னவர்களில் ஒருவரும் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. இரண்டு மாணவர்கள் கட்டிப் புரண்டு சண்டையிடும்போது கையைப் பிடித்துப் பிரிப்பது தண்டனை ஆகாது. சட்டத்துக்குப் பயந்து வேடிக்கை பார்ப்பதுதான் தவறு. பிரித்த பிறகு கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தால், அந்த ஓர் அடி தண்டனைக் கணக்கில் சேரும். பிரித்தவுடன் இருவரையும் தனித்தனி இடத்தில் உட்கார வைத்து, என்ன நடந்தது என்பதை அன்றே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது மறுநாள் வேறு கதையாகிவிடும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, வகுப்புத் தலைவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொல்வது. அவன் எழுதுவது பேசியவனின் பெயரை அல்ல, தனக்குப் பிடிக்காதவனின் பெயரை. பேனாவோ கடலை மிட்டாயோ கைமாறினால் பெயர் அழியும். கொடுக்காதவனின் பெயருக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று ஏறும். நீங்கள் உள்ளே வந்து அந்தப் பட்டியலைப் பார்த்துத் திட்டினால், தரகன் சொல் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவராகிவிடுகிறீர்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் அனுப்பி மிரட்டச் சொல்வதும் இதே வகைதான். அவரைக் கண்டால் அடங்குவார்கள். உங்கள் பீரியடில் மட்டும் இன்னும் ஆடுவார்கள். அந்த ஐந்தாறு பேருக்கும் உங்களுக்கும் இடையே யாரையும் நிறுத்தாதீர்கள்.

இன்றைக்கே அவர்களுடைய நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். கணக்கு எழுதப்பட்டிருக்கும், செய்முறை இருக்காது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறவனுக்கு, நீங்கள் பல்லுறுப்புக்கோவை நடத்தும் நாற்பது நிமிடமும் பேசுவதைத் தவிர வேறு வேலையில்லை. எட்டாம் வகுப்பு வரை எல்லோரையும் தேர்ச்சி பெற வைத்துவிட்டு, பின்னம் தெரியாத பிள்ளையை உங்கள் வகுப்பில் இறக்கிவிட்டு, தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் உங்களிடம் கேட்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினால் எனக்கு வாய் அடங்காது. வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு எங்கே என்று கைப்பேசி அடிக்கும் கொடுமை வேறு.

ஆகவே நுழைந்தவுடன் பலகையில் இரண்டு கணக்குகளைப் போடுங்கள்: ஒன்று அன்றைய பாடத்தில், மற்றொன்று ஆறாம் வகுப்புத் தரத்தில். எதைச் செய்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சின் அருகே போய் நில்லுங்கள். சத்தம் போடுபவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் முன்னும் கேள்வி கேட்காமல், அவன் நோட்டில் முதல் வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். கண்டிக்க வேண்டியதை வகுப்பு முடிந்தபின் வராந்தாவில் தனியாகச் சொல்லுங்கள். பெற்றோரை அழைத்து வரச் சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அவன் ஒரு கணக்கைச் சரியாகப் போட்ட நாளில் வீட்டுக்கு நீங்களே போன் செய்து அதைச் சொல்லிவிடுங்கள்.